மாவுப்பூச்சிக்கு என்ன கலர்?

இன்னைக்குக் கதை ஒரு போட்டோவில் ஆரம்பிக்குது. நான் எடுத்த மேக்ரோ போட்டோக்களிலேயே அழகானது அதுதான்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அதை நம்பித்தான் எங்க மாமாவுக்கு ஒரு வருஷ வெள்ளாமை போச்சு.

கொஞ்சம் பின்னாடி போறேன். 2020 லாக்டவுன். பெங்களூரு ரூமைக் காலி பண்ணிட்டு, லேப்டாப்போட ராசிபுரம் வீட்டுக்கு வந்துட்டேன். வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு தோட்டம். செம்பருத்தி, பப்பாளி, கறிவேப்பிலை, ஓரமா நாலு குச்சிக்கிழங்குச் செடி. மரவள்ளின்னு சொன்னா சென்னைக்காரங்களுக்குப் புரியும். எங்க பக்கம் அது குச்சிக்கிழங்கு. காலையில டீம் மீட்டிங் முடிஞ்சதும் நேரா அங்கே போய் உட்கார்ந்துடுவேன். ஆன்லைன்ல வாங்கின ஒரு கிளிப் லென்ஸை போன் கேமரா மேல மாட்டினா, எறும்போட கண்ணு வரைக்கும் தெரியும். ஆனா போகஸ் ஒரு நூல் அளவுக்குத்தான் நிக்கும். மூச்சு விட்டா போச்சு. இருநூறு படம் எடுத்தா ரெண்டு தேறும்.

அதிகமா எடுத்தது செம்பருத்தியில் இருந்த மாவுப்பூச்சியை. அது ஓடாது, பறக்காது, போட்டோவுக்கு அதைவிட நல்ல மாடல் கிடையாது. ரெண்டு மூணு மில்லிமீட்டர் நீளம், உடம்பு முழுக்க வெள்ளை மெழுகுப் பொடி. செடியில் வாயைக் குத்தி, சாறை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். உறிஞ்சினதில் மிச்சமான சர்க்கரைத் தண்ணி பின்னாடி சொட்டும். அதைக் குடிக்க எறும்பு வரும். சும்மா குடிச்சிட்டுப் போகாது, பூச்சிக்குக் காவலும் இருக்கும். பொறிவண்டு ஏதாவது கிட்ட வந்தா கடிச்சு விரட்டும். நாம மாடு வளர்க்கிற மாதிரிதான்.

ஒருநாள் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு ராட்சஸனைப் பார்த்தேன். மத்ததை விட மூணு மடங்கு பெரிசு. உடம்பெல்லாம் நீள நீளமா வெள்ளை நூல் தொங்குது. இதுதான் இவங்களுக்குத் தலைவன் போலன்னு நினைச்சு ஆசை தீர போட்டோ எடுத்தேன். எடுத்து முடிச்சிட்டு, வேப்பெண்ணெயையும் சோப்புத் தண்ணியையும் கலந்து அந்தக் கிளையில அடிச்சேன். ராத்திரி படங்களை ஜூம் பண்ணிப் பார்த்தப்பதான், அதோட வாயில ஒரு மாவுப்பூச்சி பாதி தின்ன நிலையில இருந்தது தெரிஞ்சது.

அது கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு. பசுத்தோல் போர்த்திய புலின்னு சொல்வோமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மாவுப்பூச்சி மாதிரியே மெழுகைப் போர்த்திக்கிட்டு, காவல் எறும்புக்கும் தெரியாம மந்தைக்குள்ள புகுந்து மேயும். இதுக்கு ஊர் ஆஸ்திரேலியா. 1890-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கோபல் என்கிற பூச்சியியலாளர் இதை ஆஸ்திரேலியாவில் இருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனார். 1898-ல் காபித் தோட்டத்துச் செதில் பூச்சியைப் பிடிக்கத் தென்னிந்தியாவுக்கு வந்தது. காபியில் பெரிசா ஒண்ணும் சாதிக்கலை. ஆனா திரும்பிப் போகவும் இல்லை. 120 வருஷமா இங்கேயே குடியிருக்கிற ஒரு ஆளை, முதல் சந்திப்பிலேயே நான் சோப்புத் தண்ணி அடிச்சுக் கொன்னுட்டேன்.

அதுக்கப்புறம் கொல்றதை நிறுத்திட்டுப் பார்க்க மட்டும் ஆரம்பிச்சேன். நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் மாட்டினான். ஸ்பால்ஜிஸ்னு ஒரு சாம்பல் நிற குட்டி வண்ணத்துப்பூச்சி. அதோட புழுவும் மாவுப்பூச்சி தின்னும், தின்னதோட மெழுகையே முதுகில் பூசிக்கும். அது கூட்டுப்புழு ஆனதும் முன்னாடி இருந்து பாருங்க, அச்சு அசல் குரங்கு மூஞ்சி. நான் போட்டோஷாப் பண்ணினதா நண்பர்கள் சண்டைக்கே வந்தாங்க.

இந்தப் படங்களை எல்லாம் அம்மாயிகிட்ட காட்டுவேன். அம்மாயின்னா அம்மாவோட அம்மா. அவங்க போனைத் தூரமா பிடிச்சுப் பார்த்துட்டு, "இது கள்ளிப்பூச்சி கண்ணு. எங்கப்பாரு காலத்துல இதுதான் கள்ளியைத் தின்னு தீர்த்துச்சாம்"னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. சப்பாத்திக்கள்ளியைப் பூச்சி தின்னு தீர்க்குமா? தேட ஆரம்பிச்சேன். அங்கே ஒரு பெரிய கதை இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சிவப்புச் சாயம்னா காச்சினீல். மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளி மேல வளரும் ஒரு பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுப்பது. மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம், அதே மாதிரி வெள்ளைப் போர்வை. வியாபாரம் முழுக்க ஸ்பெயின்காரர்கள் கையில். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-ல் சென்னைப் பக்கத்துப் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்து, இதுவும் காச்சினீல்தான்னு நம்பி, லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல கடிதமா எழுதினார். அது காச்சினீல் இல்லை. அவர் சளைக்கலை. பூச்சி வந்தா தீனி வேணுமேன்னு கள்ளித் தோட்டமே போட்டுக் காத்திருந்தார்.

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலில் இருந்து கல்கத்தாவுக்கு உண்மையாகவே ஒரு கள்ளிப்பூச்சியைக் கொண்டு வந்தார். கம்பெனிக்கு ஒரே குஷி. ஆனா அது சாயம் தரும் நல்ல ஜாதி இல்லை, அதோட காட்டு ஜாதிப் பங்காளி. சாயம் மட்டம். அது உருப்படியா செஞ்ச வேலை, தான் உட்கார்ந்த கள்ளி இனத்தை முழுசா காலி பண்ணினது. 1830-களில் தெற்கே கொண்டு வந்து விட்டார்கள், இங்கேயும் அதே கதை. ஒரு களைச்செடியைப் பூச்சி வைத்து ஒழித்ததற்கு உலகத்தில் முதல் உதாரணமா இதைத்தான் பாடப் புத்தகங்கள் சொல்லுது. அது ஆள் மாறாட்டத்தில் நடந்த விஷயம் என்பதைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் சொல்லும்.

கள்ளியில் இன்னொரு இனம் இருந்தது. முதல் பூச்சி அதைத் தொடவே இல்லை. வேலிக்கு வச்ச கள்ளி மேய்ச்சல் நிலத்துக்குள்ள இறங்கி, மதராஸ் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரை முள்ளாக்கிடுச்சு. இந்தத் தடவை பெயரைச் சரியா பார்த்து, அதுக்குரிய பூச்சியை 1926-ல் இலங்கையில் இருந்து கொண்டு வந்தாங்க. அஞ்சாறு வருஷத்தில் கள்ளி அடங்கியது. அம்மாயியின் அப்பா பார்த்தது இதைத்தான். காடு முழுக்க வெள்ளை படிஞ்சு, முள்ளுக் கள்ளி அழுகிச் சாய்ஞ்சுதாம். கள்ளிப்பூச்சிங்கிற பேரும் அப்படித்தான் எங்க ஜனங்க வாயில ஒட்டியிருக்கணும்னு எனக்குத் தோணுது.

சரி, குச்சிக்கிழங்குக்கு வர்றேன். அதுவும் வந்தேறிதான், தென்னமெரிக்காக்காரன். 1880-களில் திருவிதாங்கூர் ராஜா விசாகம் திருநாள் அதைச் சாப்பாட்டுப் பயிரா பரப்பினார். சேலத்தில் கதை வேற மாதிரி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னு போச்சு. 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் ஜவ்வரிசித் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். அப்புறம் சேலம், நாமக்கல் சமவெளி முழுக்க சேகோ பேக்டரி. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு. ஆத்தூர், ராசிபுரம் ரோட்டில் பஸ்ஸில் போனவங்களுக்கு அந்தப் புளிச்ச மாவு வாசனை ஞாபகம் இருக்கும். எங்க ஊர்ல கிழங்கை வெறும் எடைக்கு விற்க முடியாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்டுன்னு அளந்துதான் விலை. பாயிண்ட் குறைஞ்சா லோடு ஏத்தின வண்டிக் கூலியே கையைக் கடிக்கும்.

இந்தக் கிழங்கு அமெரிக்காவில் இருந்து வந்தப்ப, அதோட பூச்சிகள் கூட வரலை. அந்த அதிர்ஷ்டம் பல காலம் நீடிச்சது. 2008-ல் கோயம்புத்தூரில் மெக்சிகோ பக்கத்து மாவுப்பூச்சி ஒண்ணு தென்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சின்னு பேரு, ஆனா பப்பாளியோட நிக்கலை. குச்சிக்கிழங்கு, பருத்தி, செம்பருத்தி, மல்பெரின்னு எல்லாத்திலும் ஏறியது. மல்பெரியில்தான் சிக்கல். அந்த இலைதான் பட்டுப்புழுவுக்குச் சாப்பாடு. இலைக்கு மருந்தடிச்சா புழு செத்துடும். அடிக்கலைன்னா இலையே இருக்காது. சேலம், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் விவசாயிகள் தவிச்சுப் போனாங்க.

பெங்களூரு ஹெப்பால் பக்கம், இப்போ தேசிய வேளாண் பூச்சிகள் வளப் பணியகம்னு பேர் இருக்கிற மத்திய அரசு நிறுவனம், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்திடம் இருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. வேற எதையும் தாக்காதுன்னு சோதிச்ச பிறகு, அதே வருஷம் அக்டோபரில் தமிழ்நாட்டில் விட ஆரம்பிச்சாங்க. அதில் அசெரோபேகஸ் பப்பாயேங்கிற குளவிதான் ஹீரோ. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்னு வளர்ந்து, பூச்சி உப்பிக் காய்ஞ்சு கூடானதும் வட்டமா ஓட்டை போட்டு வெளியே வரும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. நானும் அந்த ரோட்டில் எத்தனையோ தடவை ஆபீஸ் கேபில் தூங்கிக்கிட்டே போயிருக்கேன். அங்கே இப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரியாது.

இதெல்லாம் படிச்சு முடிச்சப்ப நான் பெரிய நிபுணன் ஆகிட்டதா எனக்கு ஒரு நினைப்பு. அப்போதான், 2021 மே மாசம், நாமகிரிப்பேட்டையில் இருந்து மாமா கூப்பிட்டார். "மாப்ளே, கிழங்குச் செடியில கொண்டையெல்லாம் சுருட்டிக்குது, வெள்ளையா என்னமோ அப்பியிருக்கு. நீதான் பூச்சியப் படம் புடிக்கிறியே, வந்து பாரு." போனேன். நுனிக் குருத்து முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு கொத்தா நின்னது, கணுவுக்குக் கணு இடைவெளியே இல்லை. லென்ஸை மாட்டி எடுத்தேன். மாலை வெயிலில் மெழுகு மினுமினுக்க, பின்னாடி போதமலை மங்கலா தெரிய, அப்படி ஒரு படம். வீட்டுக்கு வந்து பார்த்தா பூச்சி லேசா ரோஸ் அடிச்சது. சாயங்கால வெளிச்சத்தோட தப்புன்னு நினைச்சு, ஒயிட் பேலன்ஸை மாத்தி சுத்தமான வெள்ளை ஆக்கினேன்.

மாமாகிட்ட தெளிவா சொன்னேன். "இது பப்பாளி மாவுப்பூச்சிங்க மாமா. 2010-ல விட்ட குளவி இங்கேயே இருக்கு, தானா வந்து பார்த்துக்கும். மருந்தடிச்சா குளவிதான் சாகும். பொறுங்க." மாமா எட்டாவது வரைக்கும் படிச்சவர். நான் இன்ஜினியர். பொறுத்தார்.

ஆகஸ்டில் வேளாண் ஆபீசர் ஒருத்தர் அவர் காட்டுக்கு வந்தார். அதுக்குள்ள பாதிச் செடி மொட்டை. அவர் ஒரு பூச்சியை எடுத்து, மேல இருந்த மாவை விரலால் தட்டிட்டு மாமாகிட்ட காட்டியிருக்கார். ரோஸ். "இது வேறங்க"ன்னு சொல்லியிருக்கார்.

இதுக்குப் பேரு பீனகாக்கஸ் மனிஹோட்டி, மரவள்ளி மாவுப்பூச்சி. பப்பாளிப் பூச்சியோட உடம்பு மஞ்சள், இதோட உடம்பு ரோஸ். பப்பாளிக் குளவி இதைச் சீண்டாது. நான் வரச் சொன்ன படை வேற எதிரிக்கான படை. இன்னொரு விஷயம்: இதில் ஆணே கிடையாது, எல்லாம் பெண், ஒண்ணே ஒண்ணு வந்தா போதும், ஊரே ஆகிடும். திருச்சூரில் இந்தப் பூச்சி இருக்குன்னு 2020-லேயே விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. நான் 2010 கதையோட படிக்கிறதை நிறுத்திட்டேன்.

எனக்கு ஆறுதலா இருந்தது ஒண்ணு சொல்லவா? இதே பூச்சியில், இதே தப்பை, எனக்கு நாற்பது வருஷம் முன்னாடி உலகத்தின் பெரிய பூச்சியியலாளர்களும் செஞ்சிருக்காங்க.

1970-களின் தொடக்கத்தில் இது ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் இறங்கியது. அங்கே மரவள்ளி ஜவ்வரிசிக்கு இல்லை, கோடிக்கணக்கான பேருக்கு அதுதான் தினச் சாப்பாடு. சில இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம் வரை போனது. நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் 1979-ல் சேர்ந்தார் ஹான்ஸ் ஹெரன், சுவிஸ்காரர். மரவள்ளி தென்னமெரிக்கா என்றால் பூச்சியும் அங்கேதான், அதைத் தின்பவனும் அங்கேதான். இதுதான் கணக்கு. வட தென்னமெரிக்காவில் மரவள்ளி மேல ஒரு மாவுப்பூச்சி ஏற்கனவே கிடைச்சிருந்தது, பார்க்க அப்படியே இருந்தது. அதோட குளவிகளைக் கொண்டு வந்து ஆப்பிரிக்கப் பூச்சி மேல விட்டால், அவை கண்டுக்கவே இல்லை. பிறகுதான் கவனிச்சாங்க. அங்கே இருப்பதில் ஆண் உண்டு, இங்கே இருப்பதில் ஆண் இல்லை. இரண்டும் வேற வேற இனம்! அந்தத் தவறான பூச்சிக்குப் பின்னாடி ஹெரன் பேரையே வைத்தார்கள், பீனகாக்கஸ் ஹெரனி. என் தப்பான போட்டோவுக்கு என் பேரை வைக்காம விட்டதுக்கு நான் நன்றி சொல்லணும்.

1981-ல் கொலம்பியாவில் இருந்த இன்னொரு ஆய்வு நிறுவனத்தின் ஆந்தனி பெல்லோட்டி, ரொம்பத் தெற்கே பராகுவேயில் அசல் ரோஸ் பூச்சியைப் பார்த்தார். அதோட கூடவே அதோட எமனும் கிடைச்சது, அனாகிரஸ் லோபெசி என்கிற குளவி. லண்டனில் தனிமைப்படுத்திச் சோதிச்சு, அதே வருஷக் கடைசியில் நைஜீரியாவில் விட்டார்கள். அப்புறம் விமானத்தில் இருந்தெல்லாம் தூவினார்கள். இந்தக் குளவி முட்டை வைக்கிறதோட நிக்காது, சில பூச்சிகளைக் குத்தி அதோட சாறையும் குடிக்கும். மரவள்ளி பிழைச்சது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். பூச்சி 2008-ல் தாய்லாந்து போனப்ப, அங்கேயும் இதே குளவியை வரவழைச்சு விட்டாங்க.

நமக்கு வந்ததும் அங்கே இருந்துதான். 2021-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருக்கும் அதே நிறுவனத்தின் மையத்தில் இருந்து குளவிகள் பெங்களூரு வந்து சேர்ந்தன. 2022 மார்ச்சில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலா வயலில் விட்டார்கள். பராகுவே, லண்டன், இபாதான், பெனின், பெங்களூரு, ஏத்தாப்பூர். அந்தக் குளவி என்னை விட நிறைய ஊர் பார்த்திருக்கு.

மாமாவுக்கு அது லேட். அந்த வருஷம் கிழங்கு விரல் தண்டி, பாயிண்டும் இறங்கிப் போச்சு, வெட்டுக் கூலி கட்டினதே பெரிசு. மே மாசமே மருந்தடிச்சிருந்தா தப்பிச்சிருக்குமான்னு நானே பல தடவை கேட்டுப் பார்த்திருக்கேன். முழுசா இல்லை. சுருண்ட கொண்டைக்குள்ள மருந்து போறதே கஷ்டம், மெழுகு வேற. ஆனா பூச்சி பிடிச்ச நுனிகளை அப்பவே ஒடிச்சு எரிச்சிருக்கலாம். ஜனவரியில் நட்ட குச்சி வெளியூரில் வாங்கினது, பூச்சி அதிலேயே வந்திருக்கணும். நடும் முன்னாடி குச்சியை மருந்தில் நனைச்சிருக்கலாம். "பொறுங்க"ன்னு நான் சொன்ன மூணு மாசத்தில் இதெல்லாம் போச்சு. மாமா ஒரு தடவை கூட சொல்லிக் காட்டலை. அத்தைதான் ஒரு பொங்கலுக்கு, "போட்டோ நல்லாத்தான் இருந்துச்சு சாமி"ன்னு சொன்னாங்க.

இப்போ நான் எடுக்கிற விதம் மாறிடுச்சு. பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடுகு வைப்பேன், சைஸ் தெரிய. கீழே வெள்ளைப் பேப்பர், அப்போ நிறம் ஏமாத்தாது. ஒரு பூச்சியை நசுக்கி அதையும் ஒரு படம். எடிட் கிடையாது. பார்க்க அசிங்கமா இருக்கும், இன்ஸ்டாவில் யாரும் லைக் போட மாட்டாங்க. பெங்களூருக்குத் திரும்பின பிறகும் மாசத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போறப்ப இதே வேலைதான்.

2023-ல் ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்டுத் தோட்டத்து குச்சிக்கிழங்குச் செடியில், இலைக்கு அடியில் பழுப்பா உப்பின ஒரு கூடு கிடைச்சது. முதுகில் சுத்தமா ஒரு வட்ட ஓட்டை. எங்க தோட்டத்தில் யாரும் குளவி விடலை. அதுவா வந்திருக்கு. பக்கத்தில் இன்னொரு கூடு, ஓட்டை இல்லாதது. மூணு மணி நேரம் உட்கார்ந்தேன். முதுகு விட்டுப் போச்சு. கடைசியில் ஒரு சின்ன அசைவு, மூடி மாதிரி ஒரு துண்டு தூக்கியது, உணர்கொம்பு ரெண்டு வெளியே நீண்டுச்சு, கடுகை விடச் சின்னதா ஒரு கறுப்பு உருவம் மேல ஏறி நின்னது. நான் மூச்சைப் பிடிக்க மறந்துட்டேன். இருபத்தேழு படம். எல்லாத்திலும் கூடு போகஸில் இருக்கு, குளவி புகை மாதிரி இருக்கு.

இருந்தாலும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மாப்ளே, இதுல குளவி எங்கடா?"

"அந்த மங்கலா இருக்கே, அதுதாங்க மாமா."

"இதெல்லாம் எங்க காட்டுல மூணு மாசமா மொய்க்குது. வா, காட்டறேன். கடுகு எடுத்துட்டு வா."